அண்ணனூர் என்று எழுதிய அட்டை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பித்தளைப் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தூக்கித் தனித் தட்டில் போடுவதுதான் பல வருஷமாக என் வேலை. புத்தகத்தையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். பிடிக்காத இடம் வந்தால், ஓரத்தில் பென்சிலால் நாலு வார்த்தை திட்டி எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, என் நெத்தியில இடம் கம்மி" என்பார்.

தினமும் காலையில் ஆவடியில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவோம். லேடீஸ் பெட்டியில் நாங்கள் மூன்று பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிற திருநெல்வேலி அக்கா. அவள் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை, அவளுக்கு அம்பத்தூரில் ஒரு ஆபீஸில் கணக்கு வேலை. மூன்றாவது, ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிற எங்கள் ஆவடிக்காரி. பிறந்து வளர்ந்தது எல்லாம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. மூன்று பேருக்கும் ஊர் வேறு, பேச்சு வேறு, வயசு வேறு. ஒரே ஒரு எழுத்தாளர் மேல் பைத்தியம் என்பதுதான் பொது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவரைப் பிடித்தவர்கள் எல்லாரும் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, எது அவருடைய சிறந்த நாவல் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். நாங்களே அப்படித்தான் இருந்தோம். ஊரில் இருக்கிற அத்தனை பெரிய மனுஷர்களையும் நிற்க வைத்துக் கலாய்க்கிறவர் அவர். புத்தகத்தின் தலைப்பைச் சொல்கிற வழக்கம்கூட எங்களுக்குக் கிடையாது. 'லிஃப்ட்', 'மூக்கு', 'ஜாதகம்' என்றால் எங்களுக்குப் போதும்.

'லிஃப்ட்' குவார்ட்டர்ஸ் அக்காவின் கட்சி. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் லிஃப்ட் வருகிறது. அதுதான் வந்துவிட்டதே என்று மாடிப்படியை இடித்துவிடுகிறார்கள், அன்றைக்குப் பார்த்து கரண்ட் போகிறது. 'மூக்கு' தையல்காரிக்கு உயிர். ஒரு கவுன்சிலர் தனக்குத் தானே சிலை வைக்கிறார். சிலை மூக்கு உடைந்து வந்து சேர்கிறது. வேறு வழியில்லாமல் தன் மூக்கிலும் கட்டுப் போட்டுக்கொண்டு திறப்பு விழாவுக்கு வருகிறார். 'ஜாதகம்' என்னுடையது. ஜோசியர் பெண், பையன் ஜாதகத்துக்குப் பதிலாக இரண்டு சம்பந்திகளின் ஜாதகத்தை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, பத்துப் பொருத்தமும் பிரமாதம் என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த இரண்டு ஆண்களும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரிய மாட்டேன் என்கிறார்கள்.

இந்த 'ஜாதகம்' புத்தகத்தால்தான் நான் ஒரு தடவை ஷெட்டுக்குப் போனேன். சாயங்காலம் வீடு திரும்புகிற ரயில், ஆவடியோடு கடைசி. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் சம்பந்திகள் இருவரும் ஒரே நிறத்தில் சட்டை எடுக்கிற கட்டத்தில் இருந்தேன். ரயில் மறுபடி கிளம்பியதுகூடத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால் சுற்றிலும் காலி ரயில்கள். அண்ணனூரில் இருக்கிற பணிமனைக்குள், அதாவது ஷெட்டுக்குள், வந்து நிற்கிறேன். துடைப்பத்தோடு ஏறிய ஒரு ஆள், "இன்னாம்மா, இங்க குந்திகினு இன்னா பண்ற?" என்றான். "படிக்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்து எங்கள் பெட்டியில் புத்தகங்களுக்கு மார்க் போடுகிற முறை வந்தது. ஆவடியில் திறந்த புத்தகத்தை அடுத்த ஸ்டேஷனிலேயே மூடிப் பையில் போட்டுவிட்டால், அது 'அண்ணனூர்'. தேறாத கேஸ். இறங்குகிற இடம் வரைக்கும் படிக்க வைத்தால் 'அம்பத்தூர்'. இறங்கவே மறந்து தாண்டிப் போக வைத்தால் 'வில்லிவாக்கம்'. எல்லாவற்றுக்கும் மேலே, 'ஷெட்'. என் புத்தகங்களுக்கு எல்லாம் கம்பெனியின் பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு, தலைப்புக்குப் பதிலாக இந்த ஸ்டேஷன் பெயரை எழுதி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் எட்டிப் பார்த்தால் கால அட்டவணை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அது ஒரு வசதி.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் எங்களோடு நாலாவதாக ஒரு பெண் சேர்ந்தாள். கோபிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பருத்திப்பட்டில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருப்பு. நாங்கள் மூன்று பேரும் 'மூக்கு'தான் பெரியதா 'லிஃப்ட்'தான் பெரியதா என்று கத்திக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, அவர் புக்குல ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்லுவீங்க? எங்கப்பாவுக்கு வேணும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று பதில் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக விட வேண்டாம் என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவரோ காலையில் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார். பேப்பர்கூடப் பிரிப்பதில்லை. ஊருக்கே போய்விடுகிறேன், டிக்கெட் எடு என்பது மட்டும்தான் பேச்சு.

"அங்க போனா பூட்டின வீட்டுல ஒருத்தரா உக்காந்துக்குவாருங்க்கா. டிக்கெட் கிடைக்கலைன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். முன்னெல்லாம் இவர் புக்குன்னா உசுரு. ஒரு தடவை அவர் சிரிச்சுட்டாப் போதும், இங்கேயே இருந்துக்குவாருன்னு தோணுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனாலேயே சத்தம் போட்டேன். "அழாதடி. நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்றேன்.

அதற்குள் தையல்காரி எங்கள் மார்க் முறையை அவளுக்கு விளக்க ஆரம்பித்திருந்தாள். "ஒரு புக்கு நல்லா கீதா இல்லியான்னு எப்புடி கண்டுபுடிக்கிறது தெரியுமா? ஆளை எங்க இட்டுகினு போவுதுன்னு பாரு. இந்த அக்காவ ஒரு புக்கு அண்ணனூருக்கே இட்டுகினு பூட்சு! அதுக்கு மேல இன்னா வேணும்?" அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் புதுசு. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதலில் குவார்ட்டர்ஸ் அக்கா 'லிஃப்ட்' கொண்டுவந்தாள். "இதைப் படிச்சுச் சிரிக்கலேன்னா என் பேரை மாத்திக்கிடுதேன்" என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டே நாளில் புத்தகம் திரும்பி வந்தது. நாலு பக்கம் புரட்டி மூடி வைத்துவிட்டாராம். அடுத்து 'மூக்கு'. அது மறுநாளே வந்தது. "அட்டையைப் பாத்ததும் உள்ள போய்ப் படுத்துட்டாருங்க்கா" என்றாள் அந்தப் பெண். நான் எகத்தாளமாகச் சிரித்துவிட்டு என் 'ஜாதகம்' புத்தகத்தைக் கொடுத்தேன். என்னை ஷெட்டுக்கே அனுப்பிய புத்தகம். அவரை அசைக்காமல் போய்விடுமா?

போய்விட்டது. ஜாதகத்தைக் கையில் வாங்கி, ஒரு பக்கம் திறந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீப்பாய் மேல் வைத்துவிட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். "என்னடி மனுஷன் உங்கப்பா? சம்பந்திங்க ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டுக் கோயில் சுத்துறதைப் படிச்சுட்டு யாராவது அழுவாங்களா?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். குவார்ட்டர்ஸ் அக்கா என் கையை அழுத்தினாள். "ஏளா, சும்மா கெட. அந்தப் பிள்ளை முகத்தைப் பாரு." பார்த்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் பிராயச்சித்தமாக, என்னிடம் இருந்த அவருடைய புத்தகங்கள் அத்தனையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஏழு புத்தகம். "இந்தா, மொத்தமா எடுத்துட்டுப் போ. எதையாவது படிக்கட்டும்" என்று மடியில் வைத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஏழில் ஒன்று 'கண்ணாடி'. எழுத்தாளர் கடைசியாக எழுதியது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒரு அதிகாரி தன் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, இருநூறு பக்கமும் அதைத் தேடுகிறார். தேடிக்கொண்டே கண்ணில் படுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். ஊரே தலைகீழாகிறது. கண்ணாடியோ முதல் பக்கத்திலிருந்து அவர் தலைக்கு மேல்தான் இருக்கிறது. எனக்கு இருக்கிற பொறுமைக்கு இது தாங்குமா? பன்னிரண்டாம் பக்கத்திலேயே "தலையைத் தடவிப் பாருய்யா!" என்று எழுதினேன். முப்பதில் "உனக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்?" என்று எழுதினேன். ஐம்பதில் "பெண்டாட்டி எங்கே போனாள்?" என்று கேட்டேன். அதற்கு மேல் எழுதினதை இங்கே சொல்ல முடியாது. படித்து முடித்ததும் அட்டையில் கொட்டை எழுத்தில் 'அண்ணனூர்' என்று எழுதித் தூரப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து ஆவடி ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் அந்தப் பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை.

"அப்பாவைக் காணோங்க்கா. நீ டிக்கெட் எடுக்க மாட்ட, நானே சென்ட்ரலுக்குப் போய் எடுத்துக்கறேன்னு காலைலயே கெளம்பிட்டாரு. ரெண்டு மணிக்குத் திரும்பற ரயில்ல ஏறிட்டேன்னு போன் பண்ணுனாரு. இப்ப மணி அஞ்சரை. போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாரு."

ஒரு வருஷமாக யாரோடும் பேசாத மனுஷன், ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். என்னென்னவோ தோன்றியது. அதையெல்லாம் வாயில் வர விடாமல், "என்ன சட்டை? கையில என்ன இருந்துச்சு?" என்று அதட்டிக் கேட்டேன்.

"வெள்ளைச் சட்டை. ஒரு துணிப்பை. அதுல தண்ணி, ரெண்டு வாழைப்பழம், ஒரு புக்கு. நான்தான் புக்கைத் திணிச்சேன். கியூவுல நிக்கறப்பவாச்சும் பிரிக்கட்டும்னு. நீங்க குடுத்ததுலயே பெரிய மார்க்கு போட்டிருந்தீங்கள்ல, அதைத்தானுங்க்கா வெச்சேன்."

"எது, 'வில்லிவாக்கம்' போட்டதா?"

"இல்லீங்க்கா. அண்ணனூர்."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, அது குப்பைடி! அடுத்த ஸ்டேஷன்லயே மூடி வைன்னு அர்த்தம்!"

"உங்களை அண்ணனூருக்கே கொண்டு போன புக்குன்னு இந்தக்கா சொன்னாங்களே?"

தையல்காரி பேந்தப் பேந்த விழித்தாள். நான் அவளை முறைத்தேன். குவார்ட்டர்ஸ் அக்கா எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு, "சண்டைய வீட்ல வச்சுக்கிடுங்க. முதல்ல ஸ்டேஷன்ல சொல்லுவோம், வாங்க" என்று நடக்க ஆரம்பித்தாள். நாலு பேரும் ஓடினோம்.

ஸ்டேஷன் ஆபீஸில் இருந்தவர் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். நாங்கள் வெள்ளைச் சட்டை, துணிப்பை என்று மாற்றி மாற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இருங்கம்மா. இப்பதான் ஷெட்லேர்ந்து போன் வந்துச்சு. பொட்டி கழுவுற பொம்பளைங்க ஏறி பார்த்தா, உள்ள ஒரு பெரியவர் தனியா உக்காந்து சிரிச்சுகினு கீறாராம். இறங்கச் சொன்னா, இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்னு சொல்றாராம். உங்க ஆளா பாருங்க" என்றார்.

அந்தப் பெண் உடனே தலையை ஆட்டினாள். "எங்கப்பா இல்லீங்க சார். எங்கப்பா சிரிக்க மாட்டாரு."

தையல்காரிதான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏ பொண்ணே! ஷெட்டும்மா! ஷெட்டு! உங்கப்பாதான், வேற யாரு!"

ஆட்டோ பிடித்துப் போனோம். பணிமனை வாசலில், காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் துணிப்பை, அந்தப் பக்கம் பிரவுன் அட்டைப் புத்தகம். மகளைப் பார்த்ததும் குற்றவாளி மாதிரி எழுந்து நின்றார். "கோவிச்சுக்காத அம்மணி. சென்ட்ரல் கியூவுல பிரிச்சேன். என் முறை வந்ததே தெரியல, பின்னால இருந்தவங்கெல்லாம் என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. சரி, நாளைக்கு எடுத்துக்கலாம்னு ரயில் ஏறினேன். ஆவடி வந்ததும் தெரியல" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் புத்தகத்துல சிரிக்க என்னங்க இருக்கு? நானும் முழுசாப் படிச்சேனே" என்று கேட்டேன்.

"புத்தகம் சுமாருதானுங்க" என்றார் அவர். "ஓரத்துல யாரோ ஒரு அம்மா பென்சில்ல திட்டியிருக்காங்க பாருங்க, அதுக்குத்தான் சிரிச்சேன். பக்கத்துக்குப் பக்கம் காத்துட்டிருந்தேன், இப்ப என்ன சொல்லித் திட்டுவாங்களோன்னு."

தையல்காரி என்னைக் கைகாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கைகூப்பினார்.

"எங்க வீட்டுல இவ அம்மாதான் படிப்பா. நான் அவரைக்காய் நறுக்கிட்டே கேப்பேன். நடு நடுவுல நிறுத்தி, கதையில வர்ற ஆளை எல்லாம் கிழிப்பா. நீங்க முதல்ல குடுத்தனுப்பின மூணும் அவ படிச்சுக் கேட்டதுங்க. அதான் பிரிக்க முடியல. இதை மட்டும் அவ வாங்கவே விடல. யாரோ நல்லால்லைன்னு சொன்னாங்களாம்."

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தோம். நல்லது எல்லாவற்றையும் அந்த அம்மா முன்னாலேயே படித்து முடித்திருக்கிறாள்.

அவர் ஊருக்கு டிக்கெட் எடுக்கவில்லை. மறுநாளே மகளிடம், "அந்தம்மா பென்சில்ல திட்டி எழுதின புத்தகம் வேற இருக்கா?" என்று கேட்டாராம். மஞ்சள் பையில் இருந்த மீதியையும் படித்தார். குவார்ட்டர்ஸ் அக்காவும் தையல்காரியும்கூட இப்போது பென்சில் வாங்கிவிட்டார்கள். படிக்கிற பக்கத்தில் எல்லாம் எதையாவது எழுதி அவருக்கு அனுப்புகிறார்கள். நான் எழுதுகிற அளவுக்கு வராது என்பது வேறு விஷயம்.

'கண்ணாடி' மட்டும் இரண்டு மாதம் கழித்துத்தான் என் கைக்குத் திரும்பி வந்தது. மறுநாள் காலை ரயிலில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான், உட்கார்ந்து பிரித்தேன். நான் திட்டின ஒவ்வொரு இடத்துக்கும் கீழே, தபால் ஆபீஸ் கையெழுத்தில் நீல மையில் பதில் எழுதியிருந்தார். "தலையைத் தடவிப் பாருய்யா" என்றதற்கு, "தடவினேன், வழுக்கைதான் இருக்கிறது" என்று இருந்தது. "எவன் வேலை கொடுத்தான்" என்றதற்கு, "சர்க்கார்" என்று ஒரே வார்த்தை. பெட்டியில் எல்லாரும் பார்க்கிற மாதிரி சிரித்தேன்.

கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது எனக்கே மறந்து போயிருந்தது. "இருநூறு பக்கமாச்சு. உன் தலையிலதான் இருக்குன்னு இந்த ஆளுக்குச் சொல்ல வீட்டுல ஒருத்திகூடவா இல்ல?"

அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார். "சொல்ல ஆள் இருந்த வரைக்கும் எனக்கு எதுவும் தொலைஞ்சதே இல்லீங்க."

நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். குவார்ட்டர்ஸ் அக்காவும் தையல்காரியும் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே பார்த்தேன். ரயில் கொரட்டூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அம்பத்தூரை விட்டிருந்தோம்.

தையல்காரி பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினாள். "அக்கா, அட்டையில அண்ணனூர்னு போட்டு வெச்சுகிறியே, அத்த அழிச்சுட்டு ஷெட்டுன்னு மாத்து. தப்பா மார்க்கு போட்டேன்னு ஒத்துக்கோ."

"நான் எதுக்குடி ஒத்துக்கணும்?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஷெட்டு அண்ணனூர்லதானே இருக்கு?"